காவல்துறையைக் கணக்குக் கேட்கும் வேலை: நெல்லைச் சீமைச் சட்ட மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

2020 ஜூன் கடைசியில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போனார். சிசிடிவி கருவியின் வன்வட்டில் இடம் தாராளமாகவே இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். ஜூன் 19 இரவு அந்த நிலையத்தார் பிடித்துவைத்திருந்த வணிகர் ஜெயராஜுக்கும் அவர் மகன் பென்னிக்ஸுக்கும் அங்கே நடந்ததைக் காட்ட ஒரு நொடிப் பதிவும் மிஞ்சவில்லை. பென்னிக்ஸ் 22-ஆம் தேதி இரவும் ஜெயராஜ் 23-ஆம் தேதி அதிகாலையும் இறந்துபோயிருந்தார்கள். வழக்குக்கு உயிர் கொடுத்தது, அதே நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சொன்ன சாட்சியம். மிச்சமிருந்த தடயமாவது கலையாமல் இருக்கட்டும் என்று, நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் சட்ட மாணவர் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்குள் நடந்ததற்குச் சான்று எப்போதுமே உண்டு. ஆனால் ஒவ்வொரு சான்றுக்கும் ஆயுள் உண்டு. கன்றிய காயம் சில நாளில் நிறம் மாறி மறையும். எதிர்க்கடைக் கேமரா ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். சாட்சியின் துணிச்சல் பல வேளைகளில் அதைவிடச் சீக்கிரம் வடிந்துவிடும். எந்தச் சான்று எந்தப் பதிவேட்டில் பிறக்கிறது, எத்தனை நாளில் சாகிறது, அதற்குள் யாருக்கு என்ன எழுதினால் அது பிழைக்கும் என்பதைக் கற்பதுதான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி. ஆவேசமான பேச்சு பின்னால் வரட்டும்.

முதல் நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்கி, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள நிலையங்களுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து விவரம்: நிலையம் எந்த டி.எஸ்.பி. அல்லது உதவி ஆணையரின் கீழ் வருகிறது, ரிமாண்டுக்கு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு கேட்டு நிறுத்துவதற்கு, எந்த நடுவர் நீதிமன்றம், எந்தக் கோட்டாட்சியர், அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, கைதானவரை அடைக்கும் சிறை எது.

நெல்லையில் இதில் தவறுவது எளிது. மாநகரக் காவல் ஆணையரின் எல்லை வேறு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை வேறு. ஊர்ப்பெயரில் 'திருநெல்வேலி' இருப்பதால் மட்டும் மனு ஆணையருக்குப் போய்விடாது. வருவாய்க் கோட்டங்கள் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு. தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. தூத்துக்குடி 1986-லேயே பிரிந்தது. தவறான அலுவலகத்துக்குப் போன புகார் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு மூன்று மேசை சுற்றித் திரும்பும்போது, கேமராப் பதிவு போயிருக்கும்.

படிக்கும் வரிசை

தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை, ஒரு கைது நடக்கும் வரிசையிலேயே படியுங்கள். 35: எப்போது கைது செய்யலாம், எப்போது அழைப்பாணை மட்டும் போதும். 36: கைதுக் குறிப்பாணையும் சாட்சிக் கையெழுத்தும். 38: விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை. 47, 48: காரணத்தைச் சொல்வது, உறவினருக்குத் தெரிவிப்பது. 53: மருத்துவப் பரிசோதனையும் அதன் நகலும். 58: இருபத்துநான்கு மணி நேரம். 187: ரிமாண்டு. 196: காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரின் விசாரணை. இவற்றோடு, 'சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்' என்று கூட்டிப்போவதற்கு மருந்தாக 179: பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது.

ஒரு பொறி இங்கே உண்டு. புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும். வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்துக் காயப்படுத்துவது பழைய 330, 331; புதியதில் பாரதிய நியாய சன்ஹிதா 120. சம்பவ நாளைப் பார்க்காமல் பிரிவைப் போட்ட மனு முதல் வாய்தாவிலேயே சிரிப்புக்கு இடமாகும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிராக எழுதி நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தீர்ப்புகளில் முதலில் கையெழுத்தாக நகலெடுக்க வேண்டியது டி.கே. பாசு வழக்கின் பதினோரு கட்டளைகள், 1996 டிசம்பர். பிறகு, காவலில் நேர்ந்த மரணத்துக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்ற நீலபதி பெஹேரா, 1993. முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்ற லலிதா குமாரி, 2013. தேவையற்ற கைதைத் தடுக்கும் அர்னேஷ் குமார், 2014. காவல் நிலையக் கேமராக்கள் பற்றிய பரம்வீர் சிங் சைனி, 2020 டிசம்பர் 2. இந்தக் கடைசித் தீர்ப்பை வரி விடாமல் படியுங்கள். வாசல், லாக்கப், தாழ்வாரம், எழுத்தர் அறை என்று எங்கெங்கே கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைக்க வேண்டும், அதற்கேற்ற கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நாளை நீங்கள் எழுதப்போகும் தகவல் மனுவின் கேள்விகள் அந்தப் பத்திகளிலிருந்தே வரும்.

தமிழ்நாடு காவல் நிலையாணை 151-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவலர் மீதான சித்திரவதைப் புகாரில் வருவாய்த்துறை அதிகாரி விசாரணை நடத்துவதற்கு வழி அதுதான். 2023-இல் அம்பாசமுத்திரம் உட்கோட்ட நிலையங்களில் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். அதன் பிறகே உயர்நிலை விசாரணை அதிகாரியும், சி.பி.சி.ஐ.டி.யும்.

பாளையங்கோட்டையில் பின்வரிசை

இரண்டாம் ஆண்டிலிருந்து வாரம் ஓர் அரைநாளாவது பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உட்காருங்கள். ரிமாண்டுக்கு ஆள் கொண்டுவரும் நேரம் பெரும்பாலும் மாலைதான்; காலை வழக்குப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பார்க்க வேண்டியதைப் பார்க்க மாட்டீர்கள்.

நடுவர் கைதானவரிடம் நேருக்கு நேராகப் பேசினாரா? 'அடித்தார்களா' என்று கேட்கும்போது கூட்டிவந்த காவலர் எவ்வளவு தூரத்தில் நின்றார்? கைதுக் குறிப்பாணையில் எழுதிய நேரத்துக்கும், அவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனதாகக் குடும்பம் சொல்லும் நேரத்துக்கும் எத்தனை மணி இடைவெளி? மருத்துவர் சான்று இணைத்திருக்கிறதா? கைதின் காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? இந்த ஐந்தை மட்டும் ஒவ்வொரு ரிமாண்டுக்கும் குறித்துவாருங்கள். காரணத்தைச் சொல்லாத கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் திரும்பவும் அழுத்திச் சொன்னது. அது உங்கள் ஊர் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை உங்கள் குறிப்பு காட்டும்.

கைபேசியைப் பைக்குள் வையுங்கள். பதிவு செய்யாதீர்கள். வழக்கறிஞர்களின் பேச்சில் தலையிடாதீர்கள். கைதானவரின் பெயரை நோட்டில் எழுதாமல் வழக்கு எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் இப்படிக் குறித்தால் எந்த நிலையத்தில் மட்டும் நேரம் எப்போதும் இடிக்கிறது என்பது தானாகத் தெரியும்.

இன்டர்ன்ஷிப் வாரங்கள்

இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008 விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது பன்னிரண்டு வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரம். பலரும் அதைச் சான்றிதழ் வாங்கும் சடங்காக முடிக்கிறார்கள். இந்தத் துறைக்கு வருபவர் அதை நான்காகப் பிரிக்க வேண்டும்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பாளையங்கோட்டையில் குற்ற வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர், மதுரைக் கிளையில் ரிட் மனு போடும் ஓர் அலுவலகம், மனித உரிமை அமைப்பு ஒன்று. மதுரையில் 1995 முதல் இயங்கும் மக்கள் கண்காணிப்பகமும், எவிடென்ஸ் அமைப்பும் இதில் பழக்கப்பட்டவை. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் மாவட்டக் கிளையினரோடும் சேர்ந்து நடந்துபாருங்கள்.

ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிந்துகொள்வது மாணவருக்குக் கிடைக்கும் மிக நல்ல வழி. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரியவர் என்பது 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் குடும்பத்தினரிடம் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாணவராக நீங்கள் வாதாட முடியாது. வக்காலத்து போட முடியாது. அலையவும் எழுதவும் முடியும். நேரமில்லாத மூத்த வழக்கறிஞருக்கு வேண்டியதும் அதுதான்.

பத்து ரூபாய் மனு

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது வந்தது போதாவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியால்தான். 'ஏன் கேமரா வேலை செய்யவில்லை?' என்று கேட்டால், அது தகவல் ஆகாது, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

'நாங்குநேரி காவல் நிலையத்தில் இன்ன தேதியில் நிறுவியிருந்த கேமராக்களின் எண்ணிக்கை, பொருத்திய இடப் பட்டியல். அவற்றில் அன்று இயங்கியவை எத்தனை. பதிவு சேமிக்கப்படும் நாட்கள். பழுது குறித்து நிலையத்திலிருந்து மேலிடத்துக்கு அனுப்பிய கடிதங்களின் நகல். கேமரா மேற்பார்வைக்கான மாவட்டக் குழு கடந்த பன்னிரண்டு மாதத்தில் கூடிய தேதிகளும் நடவடிக்கைக் குறிப்பும்.'

ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும். கேமராவையும் காவல் மரணத்தையும் சேர்த்துக் கேட்டால், பின்னதற்கு விசாரணை பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி முன்னதையும் சேர்த்து மறுப்பார்கள். நுண்ணறிவுப் பிரிவுக்கு விலக்கு உண்டென்று பதில் வந்தால், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்ற 24(4)-இன் வரம்புரையை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள். அம்பை முதல் திசையன்விளை வரை பத்து நிலையத்துக்கு ஒரே கேள்வியை ஒரே நாளில் அனுப்பினால் செலவு நூறு ரூபாயும் தபாலும்தான். வரும் பத்துப் பதிலையும் பக்கம் பக்கமாக வைத்தால் அதுவே ஓர் ஆய்வறிக்கை.

முதல் மூன்று நாள்

ஒருவர் நிலையத்திலிருந்து காயத்தோடு வெளியே வந்திருக்கிறார், அல்லது உள்ளே இருக்கிறார் என்று செய்தி வருகிறது. எப்போதும் ஒரு வழக்கறிஞரின் பொறுப்பில்தான் போக வேண்டும், இருவராகத்தான் போக வேண்டும்.

உள்ளே இருந்தால் முதல் வேலை நேரத்தைப் பதிப்பது. முன்பெல்லாம் மூத்த வழக்கறிஞர்கள் கேட்கும் முதல் கேள்வி 'தந்தி கொடுத்தாச்சா?' என்பதுதான். ஆள் எப்போது பிடிபட்டார் என்பதற்கு அரசு முத்திரையோடு ஒரு நேரம் கிடைக்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் மின்னஞ்சல்: கண்காணிப்பாளர் அல்லது ஆணையர், ஆட்சியர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய மூவருக்கும் ஒரே அஞ்சலில், 'இன்னார் இன்று இத்தனை மணிக்கு இந்த இடத்திலிருந்து இந்த நிலையத்தாரால் கூட்டிச்செல்லப்பட்டார்' என்று மூன்றே வரி. குற்றச்சாட்டை அதில் அடுக்க வேண்டாம். மறுநாள் அதையே ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்; தனிப் பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது. ஆள் கிடைக்கவேயில்லை என்றால் வழக்கறிஞர் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவுக்கு ஏற்பாடு செய்வார். அந்த மனுவின் முதுகெலும்பு நீங்கள் அனுப்பிய மூன்று வரிதான்.

வெளியே வந்துவிட்டால் நேரே மருத்துவமனை. தனியார் மருத்துவமனைக்குக் குடும்பம் அவசரப்படும். சிகிச்சை எங்கே வேண்டுமானாலும் தொடரட்டும்; முதல் பதிவு அரசு மருத்துவமனையில் இருக்கட்டும், தாலுகா ஆஸ்பத்திரியோ, ஐகிரவுண்டு எனப்படும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ. அங்கே எழுதும் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், பின்னால் வழக்கு முழுவதையும் தாங்கும். அதில் காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் உயிர். கூட வந்த காவலரோ பயந்துபோன அண்ணனோ 'கீழே விழுந்துட்டாரு' என்று சொன்னால் அதுவே எழுதப்படும். ஐந்து வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒற்றை வரி திரும்ப வரும். பேசக்கூடிய நிலையில் இருந்தால் காயம்பட்டவரே சொல்ல வேண்டும்: எத்தனை பேர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால்.

தமிழ்நாட்டில் 'தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்' என்ற வரியும், அதையடுத்துக் கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு எடுத்த படமும் பழகிப்போய்விட்டன. அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டும் ஊர்க்காரர்களும் உண்டு. இது மனதை நோகடிக்கும் விஷயம். உங்கள் வீட்டிலேயே அந்தக் கைதட்டலைக் கேட்பீர்கள். வாதிட்டு நேரத்தைக் கழிக்காமல் காயத்தைப் பாருங்கள். விழுந்தவருக்கு உள்ளங்காலில் கன்றாது. இரண்டு முன்கையும் ஒரே விழுகையில் முறிவது அரிது. தொடையின் பின்புறம் இரட்டைக் கோடாகத் தடிப்பு இருந்தால் அது உருளையான தடி பட்ட அடையாளம். நீங்கள் மருத்துவராகி முடிவு சொல்ல வேண்டாம். இந்த இடங்களைப் பார்த்து எழுதுமாறு மருத்துவரைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

படம் எடுக்கும் முறை: பகல் வெளிச்சம், முதலில் முழு உடல், பிறகு அந்த உறுப்பு, பிறகு காயத்தின் அருகில் ஆறங்குல அளவுகோலை வைத்து ஒன்று. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மூன்று முறையும் எடுங்கள். கன்றல் சில வேளை இரண்டாம் நாளில்தான் முழுதாகத் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பினால் படத்தின் நேர விவரம் போய்விடும். எடுத்த கைபேசியை அப்படியே வைத்து, கோப்பை நேரடியாக நகலெடுங்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதிநியம் 63-இன்படி சான்றிதழின் முதல் பகுதியைத் தர வேண்டியவர் அந்தக் கைபேசிக்காரர்; இரண்டாம் பகுதி நிபுணருடையது. எனவே யார் கைபேசி என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்க விடாதீர்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து இரத்தக்கறை பயனற்றுப்போகும்.

இதே மூன்று நாளில் கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோரும் கடிதம். 'சம்பவ நாள் பதிவு' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'இன்ன தேதி மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை, வாசல், தாழ்வாரம், எழுத்தர் அறை, லாக்கப்' என்று எழுதுங்கள். கண்காணிப்பாளருக்கு ஒன்று, வழக்கறிஞர் வழியாக நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மனு. நிலையத்துக்குப் போகும் சாலையில் உள்ள டீக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடைக் கேமராக்களையும் நடந்து பார்த்துப் பட்டியலிடுங்கள். கடைக்காரரிடம் பதிவைப் பிடுங்கப் பார்க்காதீர்கள்; அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும்.

நிலையத்துக்குள் இருக்கும் பதிவேடுகளின் பெயரைத் தெரிந்துவைத்தால்தான் நீதிமன்றத்தில் அவற்றை வரவழைக்க முடியும்: பொது நாட்குறிப்பு, பாரா (காவல் முறை) மாற்றும் புத்தகம், பணி ஒதுக்கீட்டுப் பதிவேடு, வாகன ஓட்டப் பதிவேடு, மனு ரசீதுப் பதிவேடு. கைது இரவு எட்டு மணிக்கு என்று எழுதியிருக்க, நிலைய வாகனம் மாலை நான்கு மணிக்கே அந்தத் தெருவுக்குப் போனதாக ஓட்டப் பதிவேட்டில் இருந்தால் மீதியை அதுவே பேசும்.

வாக்குமூலம் எழுதுவது

மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றும் ஒரு தாயிடம் 'எத்தனை மணிக்கு?' என்று கேட்டால் 'தெரியலப்பா' என்றுதான் பதில் வரும். 'பீடிக் கடையில கட்டு கொடுத்துட்டு வந்த பொறவா, முந்தியாம்மா?' என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், பாங்கு சொன்ன நேரம், கோயில் மணி, கடைசி பஸ் என்று அவரவர் நாளில் ஊன்றிய நேரம் பிசகாது. 'லத்தியால அடிச்சாங்களா?' என்று நீங்களே வாயில் போடாதீர்கள். 'பொறவு என்ன நடந்துச்சு அண்ணாச்சி?' என்பது போதும்.

சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். இங்கே 'ஏசினாரு', 'வஞ்சாரு' என்பதை ஆங்கிலத்தில் வெறுமனே திட்டினார் என்று மொழிபெயர்த்து மதுரைக்கு அனுப்பினால், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியது மறைந்துபோகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு அந்தச் சொல்லும், அதைக் கேட்ட வெளியாள் ஒருவரும் வேண்டும். அறைந்தார், மிதித்தார், குத்தினார் என்பவை மூன்று வேறு காயங்கள். நெல்லைப் பேச்சைத் தமிழிலேயே மேற்கோளாக வைத்து, கீழே மொழிபெயர்ப்பைத் தருவது நல்ல வழக்கம்; உள்ளூர் மாணவரைவிட இதை நன்றாகச் செய்பவர் கிடையாது.

சாதியைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்டு எழுதுங்கள்: பாதிக்கப்பட்டவர், புகார் கொடுத்த எதிர்த்தரப்பு, நிலைய அதிகாரி. இந்தச் சீமையில் அதை விட்டுவிட்டு நிலையத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. உங்கள் சாதிக்காரர் அடிபட்டால் மட்டும் வண்டி எடுக்கிறீர்களா என்பதையும் ஆண்டுக்கொரு முறை உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஊரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்தக் கதவு

முதல் தகவல் அறிக்கை பதியாவிட்டால் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி கண்காணிப்பாளருக்குத் தபால், பிறகு உறுதிமொழிப் பத்திரத்தோடு நடுவர். ஆனால் பணியின்போது நடந்ததாக அரசு ஊழியர் மீது சொல்லும் புகாருக்கு 175(4) தனி வழி: மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் நடுவர் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் 175(3)-இல் மட்டும் போட்ட மனு மாதக்கணக்கில் கிடக்கும். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசு அனுமதி வேண்டும் என்ற 218-ஐயும் எதிர்பாருங்கள். அடித்து வாக்குமூலம் வாங்குவது அலுவல் கடமையில் சேராது என்ற வாதத்தை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். பலர் பதற்றத்தில் தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்புவார்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. கோப்பு மூடப்பட்டதாக ஒரு கடிதம் வந்து குடும்பம் மனமுடைந்துபோகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்த பிறகு அந்தக் கதவின் மதிப்பு கூடியிருக்கிறது.

மாவட்டக் காவல் புகார் ஆணையம் பற்றி வெளிப்படையாகவே சொல்லலாம். 2006-இல் பிரகாஷ் சிங் தீர்ப்பு கேட்டது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான தனித்த அமைப்பு. தமிழ்நாட்டின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டம் மாவட்டத்தில் ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. மாநில அளவில் உள்துறைச் செயலரும் டி.ஜி.பி.யும். யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரி மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயும் ஒரு மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அதை மட்டும் நம்பி ஓராண்டைக் கழித்துவிடாதீர்கள்.

வழக்கிலிருந்து சீர்திருத்தத்துக்கு

ஒரு வழக்கு ஒரு குடும்பத்துக்கு நீதி தேடும். விதி மாறினால்தான் அடுத்த குடும்பம் தப்பும். இரண்டுக்கும் எழுத்து வேறு. சீர்திருத்தக் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரே கோரிக்கை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள ஒரே அலுவலரின் பெயர்ப்பதவி, மூன்று சான்று. 'காவல்துறை மனிதநேயத்தோடு நடக்க வேண்டும்' என்று எழுதினால் எல்லாரும் ஒப்புக்கொண்டு மறந்துவிடுவார்கள். 'கேமரா பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் பொது நாட்குறிப்பில் எழுதி, அதன் நகலை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்' என்று எழுதினால் யாராவது ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். உங்கள் ரிமாண்டு நோட்டும் பத்து தகவல் மனுப் பதில்களும் இங்கேதான் பலன் தரும்.

சட்டப்பேரவையில் காவல்துறை மானியக் கோரிக்கையோடு ஆண்டுதோறும் வரும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். அதற்குச் சில வாரம் முன்பே தொகுதி எம்.எல்.ஏ. கையில் உங்கள் இரண்டு பக்கம் இருக்க வேண்டும். 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கை தந்தது. இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்ட ஆணையத்தின் 273-ஆவது அறிக்கை, 2017, அதற்கான மசோதாவையே எழுதிக்கொடுத்தது.

பயிற்சிக்கு ஒன்று: 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்தது நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, எந்தச் சாட்சியை எது நம்பியது, எதற்காக நம்பியது என்று அட்டவணை போடுங்கள். விசாரணை ஆணையத்தின் முன் எப்படிச் சான்று வைக்க வேண்டும் என்பதை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது.

காவலரின் நிலையையும் சேர்த்துப் படிக்காமல் இது முழுமையாகாது. காவலர்களுக்கு வார விடுப்பு அளித்து 2021-இல் அரசாணை வந்தது. உங்கள் நிலையத்தில் உண்மையில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று தகவல் மனுவில் கேளுங்கள். தொடர்ந்து இருபது மணி நேரம் நின்ற ஏட்டு பாராவில் இருக்கும் இரவுதான் லாக்கப்பில் இருப்பவருக்கும் ஆபத்தான இரவு. ரேவதியைப் போல உள்ளேயிருந்து உண்மை சொல்ல ஒருவர் முன்வரும்போது அவருக்குப் பாதுகாப்பு கேட்பதும் உங்கள் வேலைதான்.

பட்டம் வாங்கிய பிறகு

பதிவுக் கட்டணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்பதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பிறகு அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு. இளம் வழக்கறிஞருக்குப் பெருநகரங்களில் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது மாதம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். வாகன விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு, பாகப்பிரிவினை ஆகியவற்றை வெட்கமில்லாமல் எடுங்கள். வீட்டு வாடகை அதிலிருந்து வரட்டும். தேர்ச்சி வந்ததும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ரிமாண்டு வேளையில் கைதானவருக்காக எழுந்து நிற்பதே அங்கே மாதச் சம்பள வேலை.

இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் மூன்று தேதியை எழுதுங்கள்: சம்பவ நாள், மனித உரிமை ஆணையத்துக்கான ஓராண்டு முடியும் நாள், அடுத்த வாய்தா. தபால் ஒப்புகைகளைத் துளையிட்டுக் கோக்காமல் தனி உறையில் போடுங்கள். துளை விழும் இடத்தில்தான் பெரும்பாலும் தபால் முத்திரையின் தேதி இருக்கும். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு சாட்சியின் வீட்டுக்குப் போய் வாருங்கள். திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டைக்கு அவர் தனியாகப் பஸ் ஏறி வரக் கூடாது. யாராவது ஒருவர் வீட்டு வாசலிலிருந்து கூட வர வேண்டும், அன்றைய கூலிக்கும் சாப்பாட்டுக்கும் முந்தின நாளே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.